சொல் காதில் விழ வேண்டும்: 2024-இன் பாடல்களில் ஒரு ரசிகனின் தேர்வு

மலருக்கு இசை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டார்கள். "ராகம், தாளம் என்று பயமுறுத்தாதீங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டைச் சொல்லுங்க, போதும்" என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நல்ல நிபந்தனைதான். ஸ்வரஞானம் எனக்குச் சொற்பம். கேள்வி ஞானம் ஒன்றே கைமுதல்.

ஆண்டு முடியும் முன்பே "சிறந்த பத்துப் பாடல்கள்" என்று பட்டியல் போடுவது பத்திரிகைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டு என்பது மாவடு மாதிரி. பறித்த அன்றே கடித்தால் துவர்ப்புதான் தெரியும்; ஜாடியில் ஊற வேண்டும். ஆகவே 2024-இல் வந்த பாடல்களைக் கொஞ்ச காலம் ஊறவிட்டுப் பிறகு எடுத்துப் பார்த்தேன். எவையெல்லாம் இன்னும் வாயில் வந்து உட்காருகின்றனவோ, அவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

அளவுகோல் ஒன்றே ஒன்று

மும்பையில் வாழும் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் தமிழ் எத்தகையது? "எழுந்திரு", "குளிச்சியா?", "சாப்பிட வா", "படிச்சது போதும், தூங்கு". யோசித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கட்டளை வாக்கியங்கள். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி; தெருவில் பம்பாய் இந்தி. தமிழ்ப் புத்தகம் படிக்கிற பிள்ளைகள் நம்மிடையே மிகக் குறைவு. அப்படியானால் அடுப்படிக்கு அப்பால் உள்ள தமிழ் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? சந்தேகமே வேண்டாம், சினிமாப் பாட்டிலிருந்துதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பாட்டு ஒரு பொழுதுபோக்கு. நம் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகமும்கூட.

எனவே என் அளவுகோல் மிக எளிமையானது: சொல் காதில் விழுகிறதா? மெட்டு நன்றாக இருந்தும் சொல் விழவில்லை என்றால், அந்தப் பாட்டு என் வீட்டில் பாதிப் பாட்டுதான்.

இது வெறும் உச்சரிப்புப் பிரச்சினை அன்று. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். "கல்" நீண்டால் "கால்". "பல்" நீண்டால் "பால்". "வடை" நீண்டால் "வாடை". மெட்டு போகிற போக்கில் குறிலை இழுத்துவிட்டால் சொல் வேறொன்றாகிவிடும். இசையில் எழுத்துகள் தம் அளவைத் தாண்டி ஒலிப்பது உண்டு என்பதைத் தொல்காப்பியரே நூன்மரபில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நீட்டலாம், ஆனால் எதை நீட்டுவது என்று தெரிந்து நீட்ட வேண்டும். போதாக்குறைக்கு இன்றைய ஒலிக்கலவையில் அடித்தாளம் முன்னே வந்து நிற்கிறது. காரில் கேட்டால் கதவு அதிர்கிறது, கவிஞர் எழுதியது பின்சீட்டில் ஒளிந்துகொள்கிறது!

1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். "மேடையில் தமிழில் பாடுங்கள்" என்பது அன்றைய கோரிக்கை. இன்று பாடுவதெல்லாம் தமிழ்தான். "பாடுகிற தமிழ் கேட்கட்டும்" என்பதே இன்றைய கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பேன்.

"போறேன்" என்று சொல்லக்கூடாத சொல்

என் தேர்வில் முதலிடம் 'மெய்யழகன்' படத்துக்கு. ச. பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பரில் வந்த படம்; இசை கோவிந்த் வசந்தா. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த மகன் ஓர் இரவு, ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் திரும்புகிறான். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? தூரம்தான் கொஞ்சம் அதிகம்.

இதில் 'போறேன் நா போறேன்', 'யாரோ இவன் யாரோ' இரண்டிலும் கமல்ஹாசனின் குரல். கமலைத் தேர்ந்த பாடகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு நடிகனின் சாமர்த்தியம் உண்டு. சொல்லைப் பேசுவது போலவே பாடுவார். ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறார். கோவிந்த் வசந்தாவும் வாத்தியங்களை ஒதுக்கி நிறுத்தி வழிவிட்டிருக்கிறார்.

'போறேன்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். நம் வீடுகளில் யாரும் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். தப்பித்தவறி ஒரு குழந்தை "போறேன்" என்றால் பாட்டிமார் விடமாட்டார்கள், திருத்திச் சொல்ல வைப்பார்கள். இங்கே மராத்திக்காரர்களும் விடைபெறும்போது "யேதோ", அதாவது "வருகிறேன்" என்றே சொல்கிறார்கள். இப்படியிருக்க, ஒருவன் "போறேன்" என்று பாடுகிறான் என்றால் திரும்பி வருவதற்கு அவனுக்கு வீடு இல்லை என்று பொருள். எந்த அலங்காரமும் இல்லாத ஒரு பேச்சுச் சொல் இத்தனை பாரத்தைச் சுமக்கிறது. இந்த நுட்பத்தைப் பிள்ளைகளுக்கு நாம்தான் விளக்க வேண்டும். விளக்கிவிட்டால் அதன் பிறகு பாட்டு பார்த்துக்கொள்ளும்.

'யாரோ இவன் யாரோ' வேறு வகை. தன்னிடம் உயிரையே வைத்திருக்கும் உறவுக்காரனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்று கூனிக் குறுகுகிறவனின் கதைக்கான பாட்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய், "என்னைத் தெரியுதா?" என்று கேட்கிறவர் முன்னால் அசட்டுச் சிரிப்புச் சிரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் இந்தப் பாட்டு கொஞ்சம் சுடும்.

சாரலும் தென்கிழக்கும்

'அமரன்' 2024 தீபாவளிக்கு வந்தது. 2014-இல் காஷ்மீரில் வீரமரணம் எய்தி, பின் அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. ஜி.வி. பிரகாஷ்குமார் இசையில் கபில் கபிலனும் ரக்‌ஷிதா சுரேஷும் பாடிய 'வெண்ணிலவு சாரல்' என் தேர்வு; வரிகள் யுகபாரதி. 'ஹே மின்னலே' இதைவிடப் பரபரப்பாக ஓடியது. நல்ல பாட்டுதான். ஆனால் எனக்குச் சாரல்தான் நின்றது.

காரணம் சொல்கிறேன். மும்பையில் வருஷத்துக்கு நாலு மாசம் மழை. ஆனால் நம் பிள்ளைகளிடம் இருப்பது "மழை" என்ற ஒரே சொல். தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. மராத்தியில் பிசுபிசுவென்று பெய்யும் மழைக்குத் தனிச்சொல் உண்டு என்பது மட்டும் தெரியும்! ஒரு காதல் பாட்டு "சாரல்" என்ற சொல்லை மெதுவாகக் காதில் இறக்கிவிட்டுப் போகிறது. அடுத்த ஜூன் மாதம் ஜன்னல் கம்பியில் நீர்த்துளி தெறிக்கும்போது, இதுதான் அது என்று காட்ட நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஆகஸ்டில் வெளியானது. வாழைத்தார் சுமக்கும் ஏழைத் தொழிலாளர்கள் 1999-இல் லாரி விபத்தில் மாண்ட துயரம் அதன் அடிநாதம். சந்தோஷ் நாராயணன் இசையில் தீ பாடிய 'தென்கிழக்கு' என் பட்டியலில் உண்டு. இங்கே நண்பர்கள் என்னை மடக்குகிறார்கள்: "சொல் சொல் என்கிறீரே, தீயின் உச்சரிப்பு உமக்குச் சம்மதமா?" நியாயமான கேள்வி. 'என்ஜாயி எஞ்சாமி' (2021) காலத்திலிருந்தே அவர் மீது உள்ள புகார் இது. மெய்யெழுத்துகளைக் கொஞ்சம் மென்றுதான் பாடுகிறார்.

ஆனால் அவர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை அயல்மண்ணில் காதால் கற்ற தலைமுறை, அதாவது நம் பிள்ளைகளின் தலைமுறை. தாமிரபரணிக் கரையின் பாட்டை அந்த வாய் பாடும்போது ஒரு தயக்கம் கேட்கிறது. அந்தத் தயக்கத்தில் அக்கறையும் கேட்கிறது. அலட்சியத்தால் சொல்லைக் கொல்வது வேறு. எட்டாத சொல்லை எட்டிப் பிடிப்பது வேறு. முன்னதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. பின்னதைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஊர்வாய்ப் பாட்டுகள்

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. கோலார் தங்க வயலுக்கு வட ஆர்க்காட்டிலிருந்து போன உழைப்பாளிகளின் பின்னணி. வெளிமாநிலத் தமிழர் வரலாற்றில் கோலாருக்குத் தனி அத்தியாயம் உண்டு. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அங்கே தமிழ் ஒலிக்கிறது. படத்தின் கதைப்போக்கு எனக்கு முழுதும் பிடிபடவில்லை என்பது உண்மை. ஆனால் உமாதேவி எழுதி, சிந்தூரி விஷால் பாடிய 'மினிக்கி மினிக்கி'யை விடமுடியவில்லை. முதன்முதலாக ரவிக்கை உடுத்தும் பெண்களின் குதூகலம் அது. சிந்தூரியின் குரலில் மெருகு இல்லை, முறுக்கு இருக்கிறது. வயல்காட்டில் எட்டி நிற்பவரைக் கூப்பிடுகிற குரல். இந்தக் குரலுக்குச் சொல்லைத் தெளிவாகச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, எட்டி நிற்பவருக்குக் கேட்டாக வேண்டுமே!

அடுத்தது 2024 டிசம்பரில் வந்த 'விடுதலை' இரண்டாம் பாகம். இளையராஜா தாமே எழுதி இசையமைத்து, அனன்யா பட்டுடன் பாடிய 'தெனம் தெனமும்'. அப்போது அவருக்கு வயது 81. குரலில் வயது தெரிகிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஏட்டில் "தினம்", வாயில் "தெனம்". "நினைப்பு" என்பது "நெனப்பு". "இலை" என்பது "எலை". பேச்சில் இகரம் எகரமாகும் இந்த வழக்கை இலக்கண வகுப்பில் விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பண்ணைப்புரத்துக்காரர் ஒரே சொல்லில் பாடிக் காட்டிவிட்டார். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒரே மொழியின் இரண்டு நடை என்பது நம் பிள்ளைகளுக்குப் புரிய இதைவிட நல்ல பாடம் இல்லை.

விட்டுப்போனதையும் சொல்லிவிட வேண்டும். ரகுமான் இசையமைத்த 'ராயன்' படத்தின் 'அடங்காத அசுரன்' தியேட்டரில் மயிர்க்கூச்செறிய வைத்தது. வீட்டில் நிதானமாகக் கேட்டபோது தாளம் நின்றது, சொல் நிற்கவில்லை. என் அளவுகோலின்படி அதற்கு இடமில்லை. ரகுமான் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். காபி போட்டுத் தந்து வாதாடத் தயார்.

பழைய பாட்டு, புதிய ஊர்

2024-இன் மிகப் பெரிய தமிழ்ப் பாட்டு எது என்று கேட்டால், 1991-இல் வந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்! பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில், கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கட்டத்தில் 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' ஒலித்தது. வாலியின் வரிகள், கமலும் எஸ். ஜானகியும் பாடியது. காதலுக்கென எழுதிய சொற்கள் நட்புக்குப் பொருந்தி, மொழிபெயர்ப்பே இல்லாமல் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கைதட்டல் வாங்கின. அனுமதி பற்றி இளையராஜா தரப்பிலிருந்து 2024 மே மாதம் வக்கீல் நோட்டீஸ் போனது தனிக்கதை. உரிமையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ரசிகன் கவனிக்க வேண்டியது வேறு. இந்தப் பாட்டில் பாதி பேச்சு, பாதி பாடல். சொல் தெளிவாக விழுந்ததால்தான் 33 ஆண்டுகள் கழித்து வேறொரு மொழிப் படத்தில், வேறொரு சூழலில் அது உயிர்த்தெழ முடிந்தது.

'லப்பர் பந்து' படத்தில் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' (1989) பாட்டான 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஆட்டக்காரர் களமிறங்கும்போது ஒலித்ததும் இந்த வகைதான். விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்திருந்தார். கொட்டகையில் எழுந்த விசிலில் ஓர் அஞ்சலியும் கலந்திருந்தது.

சொல் இருக்கிறது, ஆள் எங்கே?

இனி என் அளவுகோலையே கொஞ்சம் ஆட்டிப் பார்த்த பாட்டுக்கு வருகிறேன். பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று காலமானார். 'பாரதி' (2000) படத்தின் 'மயில் போல' பாட்டுக்குத் தேசிய விருது பெற்ற குரல். அதே ஆண்டு ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' வெளியானது. விஜய்யுடன் பவதாரிணியின் குரல், செயற்கை நுண்ணறிவின் உதவியால். அதற்கு முன்பே 'லால் சலாம்' படத்துக்காக ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய மறைந்த பாடகர்களின் குரல்களை ரகுமான் இவ்விதமே மீட்டிருந்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக அறிவித்தார். அது பண்பான செயல்.

'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் சொல் தெளிவாகவே விழுகிறது. யுவனின் மெட்டும் நெஞ்சைத் தொடுகிறது. தங்கையோ தமக்கையோ போன வீட்டில் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கத் துடிப்பது குற்றமா? இல்லவே இல்லை. ஆனாலும் இதை என் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை.

ஏனென்றால், பாடுவது என்பது சொல்லுக்குச் சொல் ஒரு முடிவு எடுப்பது. இங்கே மூச்சை விடலாமா, இந்த "ழ"வை அழுத்தலாமா, இந்த இடத்தில் குரல் தழுதழுக்க விடலாமா என்று ஒரு மனுஷி தீர்மானிக்கிறாள். 'மயில் போல' பாட்டில் அந்தத் தீர்மானங்கள் கேட்கின்றன. எந்திரக் குரலில் சாயல் இருக்கிறது, தீர்மானம் இல்லை. அவர் பாடாத பாட்டை அவர் பாடியதாக நாம் நினைவில் சேர்த்துக்கொள்கிறோம்.

இது சினிமாவோடு நிற்கப்போவதில்லை. நாளைக்கே பாட்டியின் தொலைபேசிக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அவர் பாடாத தாலாட்டை எந்திரத்தைப் பாட வைக்கலாம். ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் நமக்குத்தான் அந்த ஆசை அதிகம் வரும். நான் சொல்வதெல்லாம் இதுதான்: பாட்டி இருக்கும்போதே பாடச் சொல்லிக் கேளுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை.

நம் ஊரின் பங்கு

மும்பைவாசிகள் நாம் பெருமைப்படவும் அந்த ஆண்டு இடம் தந்தது. 2024 ஜனவரி 1 அன்று பம்பாய் ஜெயஸ்ரீ சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றுக்கொண்டார். பிப்ரவரி 4 அன்று 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' கிராமி விருது வென்றது. அதில் பாடியவர் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன். இவ்விருவருக்குமே இளமையில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர்களுள் ஒருவர் நம் மும்பையின் டி.ஆர். பாலாமணி அவர்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நடத்திய வகுப்புகள் எத்தனை தூரம் போயிருக்கின்றன!

'சக்தி'யின் ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது சொற்கட்டு. தாளச் சொற்களுக்கு அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழாவிட்டால் கணக்கு உடைந்துவிடும். விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் மாஹிமில் பிறந்த ஜாகீர் உசேனும் பேசிக்கொள்வதைக் கேட்டால், தெற்கும் வடக்கும் ஒரே சொல்லில் சந்திப்பது தெரியும். அன்றிரவு ஜாகீர் மூன்று கிராமி வாங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று மறைந்தார். இனி இசைத்தட்டில்தான் அந்த உரையாடல். ஆனால் அது நிஜமாக நடந்த உரையாடல்.

இதுதான் என் பட்டியல். உங்கள் பட்டியல் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். நிறைவாகச் சங்கத்தாருக்கு ஒரு சிறு யோசனை. பொங்கல் விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடுவதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பாடட்டும். பாடுவதற்கு முன், அந்தப் பாட்டில் தனக்குப் பிடித்த ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று ஒரு நிமிடம் பேசட்டும். இருபது பிள்ளைகள் பாடினால் இருபது சொற்கள். வீடு திரும்பும்போது பெரியவர்கள் நமக்கும் அதில் நாலைந்து புதிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.